நெல்லூரிலிருந்து வந்த விறைத்த முதுகுகள் - மெட்ராஸ் எலும்பைச் சோதித்த கதை

செமஸ்டர் தேர்வுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில் எலும்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். காரணம் எங்கள் பாட்டி.

போன மாதம் கோபாலபுரம் வீட்டில், குளியலறை வாசற்படியில் பாட்டி வழுக்கி விழுந்தார். பெரிய விழுகை இல்லை, உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார்: "ஏம்மா, இவங்களுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்பவாவது எடுத்திருக்கீங்களா?" அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். சர்க்கரை பார்த்திருக்கிறோம், பிரஷர் பார்த்திருக்கிறோம், கண்ணில் புரை பார்த்து ஆபரேஷனே செய்திருக்கிறோம். எலும்பை மட்டும் யாரும் பார்த்ததில்லை. 78 வருஷமாக அது பாட்டுக்கு இருந்தது. அதனால் இனியும் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

எலும்பை முன்கூட்டியே சோதிப்பது என்ற யோசனை எப்போது வந்தது, நம்ம ஊரில் யார் செய்தார்கள் என்று தேடப் போனேன். கிடைத்தது 1937ஆம் வருஷத்துக் கதை. அது நடந்தது எங்கோ இல்லை, ஒரு பாதி கிண்டியில், மறு பாதி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில். பாட்டிக்கு வந்த நோயும் அந்த நோயும் வேறு வேறு. ஆனால் டாக்டர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

எலும்பு ஏன் முன்னாடியே சொல்வதில்லை?

காமர்ஸ் மாணவன் பாஷையில் சொன்னால் எலும்பு ஒரு நடப்புக் கணக்கு. ஒரு வகை செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன, இன்னொரு வகை செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. முப்பது வயது வாக்கில் இருப்பு உச்சத்தைத் தொடும். அப்புறம் செலவு மெல்ல மெல்ல வரவை மிஞ்சும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் சில வருஷங்களுக்கு அந்தச் செலவு இன்னும் வேகமாகும்.

இதில் வில்லங்கம், பாஸ்புக் நம் கையில் இல்லை. எலும்பு தேய்வதால் மட்டும் வலிப்பதில்லை. சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலும், எலும்பில் இருக்கும் தாதுவில் கிட்டத்தட்ட முப்பது, நாற்பது சதவீதம் போன பிறகுதான் படத்தில் தெளிவாகத் தெரியும். அதாவது வங்கி நமக்குக் கடிதம் போடும்போது கணக்கில் மூன்றில் ஒரு பங்கு காலி.

மெட்ராஸில் இரண்டு கட்டடங்கள்

எக்ஸ்ரேயை ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். உயிரோடு இருக்கும் மனிதனின் எலும்பை அறுக்காமல் பார்க்கலாம் என்பது அன்றைக்கு மாயாஜாலம். மெட்ராஸில் அதற்கென்றே ஒரு தனி நிறுவனம் 1934இல் அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியது. அதுதான் பர்னார்டு கதிரியல் நிலையம், கேப்டன் டி.டபிள்யூ. பர்னார்டு என்ற கதிரியல் மருத்துவர் பெயரில் அமைந்தது. சென்ட்ரலில் ரயிலிறங்கி ரோட்டைக் கடந்தால் அந்த மருத்துவமனைதான். நம்ம ஆட்கள் இன்றும் 'ஜி.எச்.' என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவது கட்டடம் கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட். 1899இல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காகத் தொடங்கிய இடம், நாளடைவில் தண்ணீர், ரத்தம், கிருமி என்று எல்லாவற்றையும் சோதிக்கும் கூடமாக வளர்ந்தது. 1930களின் நடுவில் அதன் இயக்குநர் ஹென்றி எட்வர்டு ஷார்ட். (மலேரியாக் கிருமி மனித உடம்பில் ரத்தத்துக்குப் போகும் முன் கல்லீரலில் ஒளிந்திருக்கிறது என்று 1948இல் கார்ன்ஹாமுடன் சேர்ந்து காட்டியவர் இதே ஷார்ட்தான்.) அவரோடு வேலை செய்தவர்களில் ஒருவர் சி.ஜி. பண்டிட். பிற்பாடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனவர்.

நெல்லூரில் என்ன நடந்தது?

அப்போது நெல்லூர் மாவட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அதன் மேற்குப் பக்கம் தர்சி, பொதிலி, கனிகிரி என்று வறண்ட தாலுகாக்கள். (1970இல் பிரகாசம் மாவட்டம் உருவானபோது இவை அதற்குள் போயின.) அங்கே முதலில் படுத்தது மனிதர்கள் இல்லை, மாடுகள் என்று சொல்வார்கள். ஏர் இழுத்த காளைகளுக்கு மூட்டு இறுகி நடக்க முடியாமல் போனது. 1930களின் முதல் பாதியிலேயே மெட்ராஸ் மாகாணத்துக் கால்நடைகளிலும் ஹைதராபாத் சமஸ்தானத்துக் கால்நடைகளிலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது.

மனிதர்களிடம் அது வந்த வரிசை இப்படி. சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. நிலைத்த பற்கள் முளைக்கும்போது சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள், பழுப்புக் கறை. இளைஞனாகி வேலைக்குப் போகும் வரை வேறு தொந்தரவு இல்லை. நடுவயது நெருங்கும்போது கை கால்களில் மரமரப்பு, இடுப்பில் வலி. அப்புறம் முதுகு குனிய மறுக்கும், கழுத்து திரும்ப மறுக்கும். முதுகுத்தண்டு ஒரே கம்பி மாதிரி விறைத்துப் போகும். விலா எலும்புகளும் இறுகிவிடுவதால் மூச்சு வயிற்றாலேயே வாங்க வேண்டியிருக்கும். கடைசியில் படுக்கை. இத்தனையிலும் புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். தான் கல்லாகிக்கொண்டிருப்பது அந்த மனிதருக்கே தெரியும். படிக்கும்போது என்னைத் தூங்கவிடாமல் செய்த வரி அதுதான்.

1937இல் ஷார்ட், பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி மூவரும் இந்த நோயைப் பற்றி 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் எழுதினார்கள். குற்றவாளி கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு. அதே வருஷம் 'இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில்' இன்னொரு கட்டுரை. எழுதியவர்கள் ஷார்ட், ஜி.ஆர். மெக்ராபர்ட், டி.டபிள்யூ. பர்னார்டு, ஏ.எஸ். மன்னாடி நாயர். மெக்ராபர்ட் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியர். பர்னார்டு யார் என்று மேலே சொல்லிவிட்டேன். ஒரே நோயைத் தண்ணீர் வழியாகவும், நோயாளியின் உடம்பு வழியாகவும், எக்ஸ்ரே வழியாகவும் பார்த்திருக்கிறார்கள். குடிநீர் மூலம் ஒரு வட்டாரம் முழுக்க மனித எலும்பு பாதிக்கப்படுவதை விவரித்த முதல் ஆய்வுகளாக இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுபவை இவை.

கோபன்ஹேகனில் ஒரு தற்செயல்

இந்த முடிவுக்கு அவர்கள் வரக் கொஞ்சம் உலகச் செய்தியும் துணை. பல்லில் கறை விழக் காரணம் தண்ணீரின் ஃபுளோரைடு என்று 1931இல்தான் தெரிந்தது. 1932இல் டென்மார்க்கில் மோலர், குட்ஜான்சன் என்ற இரண்டு டாக்டர்கள் கிரையோலைட் தாது அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். தூசியால் நுரையீரல் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். படத்தில் கண்ணில் பட்டதோ எலும்பு, வழக்கத்தை விட வெள்ளையாக, அடர்த்தியாக. கிரையோலைட்டில் ஃபுளோரின் நிறைய உண்டு. அதைத் தொடர்ந்து ரோஹோல்ம் என்பவர் எழுதிய பெரிய நூல் வந்ததும் 1937இல்தான். அங்கே ஆலைத் தொழிலாளிகளுக்கு ஆலைத் தூசியில் வந்தது, இங்கே விவசாயிகளுக்குச் சொந்தக் கிணற்றில் வந்தது.

கிணற்றுக்குள் அது எப்படி வந்தது? கிரானைட் வகைப் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. மழை குறைந்த இடத்தில் நிலத்தடி நீர் வருஷக்கணக்கில் அந்தப் பாறையோடு ஊறுகிறது. தண்ணீரில் கால்சியம் குறைவாக இருந்தால் ஃபுளோரைடு இன்னும் அதிகம் கரைந்து நிற்கும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. இந்தியத் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு அதைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகும்.

வெள்ளை எலும்பு பலமான எலும்பா?

நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இது. தேய்ந்த எலும்பு எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியும். இந்த நோயாளிகளின் எலும்போ பளீரென்று வெள்ளை. முதுகெலும்புகள் அடர்ந்து, ஓரங்கள் சொரசொரப்பாகி, தசைநார்களிலும் சவ்வுகளிலும் சுண்ணாம்பு படிந்து கிடக்கும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஆஹா, இரும்பு மாதிரி எலும்பு" என்று ஒருவர் சொல்லிவிட முடியும். உண்மையில் ஃபுளோரைடு ஏறிய எலும்பு அடர்த்தி கூடினாலும் தரம் குறைந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆக எண்ணிக்கை ஒன்று சொல்கிறது, மனிதர் வேறொன்று சொல்கிறார்.

ரத்தப் பரிசோதனையும் தனியாக நின்றால் ஏமாற்றும். ஃபுளோரோசிஸ் நோயாளிக்கு ரத்தக் கால்சியம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஏனென்றால் உடம்பு எலும்பை விற்றாவது ரத்தக் கால்சியத்தைச் சரியாக வைத்திருக்கும். எலும்பில் அமளி நடப்பதைக் காட்டுவது ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி. எலும்பு கட்டும் வேலையில் ஒரு பாஸ்படேஸுக்குப் பங்கு உண்டு என்று லண்டனில் ராபர்ட் ராபிசன் 1923இல் சொன்னார். அடுத்த சில வருஷங்களில் அதை ரத்தத்தில் அளந்து எலும்பு நோய்களை அடையாளம் காணத் தொடங்கினார்கள். இன்றும் உங்கள் ரத்த அறிக்கையில் 'ஏ.எல்.பி.' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். கல்லீரல் கெட்டாலும் அது ஏறும் என்பதால் அதையும் தனியாக நம்பக்கூடாது.

1937 கதையின் முக்கியப் பாடம் இன்னொன்று. விறைத்த முதுகைத் திரும்ப வளைக்க அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். மிகச் சீக்கிரமான பரிசோதனையோ எக்ஸ்ரேயும் இல்லை, ரத்தமும் இல்லை. குழந்தையை "ஈ காட்டு" என்று சொல்லிப் பல்லைப் பார்ப்பது. அதைவிடச் சீக்கிரமானது கிணற்றுத் தண்ணீரைப் பார்ப்பது!

அப்புறம் என்ன ஆச்சு?

இங்கேதான் கோபம் வருகிறது. காரணம் 1937இல் தெரிந்துவிட்டது. ஆனால் 1955இல் நல்கொண்டாவிலிருந்து சித்திக் என்ற மருத்துவர் அதே விறைத்த முதுகுகளைப் பற்றி எழுதுகிறார். 1960களில் பஞ்சாபிலிருந்து ஜாலி, சிங் முதலானோர் எழுதுகிறார்கள். 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் முட்டி உள்ளே வளைந்த பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடை இறக்கும் 'நல்கொண்டா முறை' 1970களில் வந்தது. அதே காலத்திலிருந்து ஆழ்துளைக் கிணறுகளும் பரவ ஆரம்பித்தன. கிருமி இல்லாத சுத்தமான தண்ணீர் என்று நல்ல எண்ணத்தோடுதான் ஆழமாகத் தோண்டினார்கள். பல இடங்களில் ஆழத்தில் கிடைத்தது பாறையோடு ஊறிய தண்ணீர்.

தமிழ்நாட்டில் இதன் பெரிய பாதிப்பு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம். காவிரித் தண்ணீரை அங்கே கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. 2008இல் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய முதல்வர் கருணாநிதி, அதாவது எங்கள் கோபாலபுரத்துக்காரர். கர்நாடகத்தோடு சச்சரவு வந்து கொஞ்சம் நின்று, பிறகு நடந்து, 2013இல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஜப்பான் கடனோடு சுமார் 1,900 கோடி ரூபாய். 2013இலிருந்து 1937ஐக் கழித்துப் பாருங்கள். எழுபத்தாறு வருஷம். நோய் கண்டுபிடித்த அன்று பிறந்த குழந்தை தாத்தாவாகிவிடும், முதுகு வளைந்தால்.

மத்திய அரசு ஃபுளோரோசிஸ் தடுப்புக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது 2008-09இல். அதில் சிறுநீரிலும் குடிநீரிலும் ஃபுளோரைடு அளப்பது உண்டு. சந்தேகம் வந்தால் முன்கைக்கு ஒரு எக்ஸ்ரே. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது நல்ல அடையாளம். மலிவு, எளிது.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம்

தேய்மானத்தை முன்னாடியே அளக்கும் முயற்சி தனிப் பாதையில் வந்தது. 1963இல் அமெரிக்காவில் கேமரானும் சோரன்சனும் எலும்பின் வழியே கதிரை அனுப்பி, எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று கணக்கிட்டுத் தாது அளவைச் சொன்னார்கள். 1970இல் எம். சிங், நாக்ரத், மைனி என்ற மூன்று இந்தியர்கள் ஒரு அழகான வேலை செய்தார்கள். சாதாரண இடுப்பு எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் மேல்முனையில் தெரியும் கோடுகள் எந்த வரிசையில் மறைகின்றன என்று பார்த்து ஆறு படிகளாகப் பிரித்தார்கள். 'சிங் குறியீடு' என்று எலும்பு மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. பெரிய மெஷின் இல்லாத ஊருக்கு அது ஒரு கண்பார்வைத் தராசு. 1987இல் இன்று நாம் 'டெக்ஸா' என்று சொல்லும் ஸ்கேன் வணிகமாக வந்தது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் டி-ஸ்கோர் வரம்பு வகுத்தது. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், நடுவில் இருப்பது எச்சரிக்கை.

அந்த ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது வெள்ளைக்கார இளம்பெண்களின் எலும்பு. நம் ஆட்களின் எலும்பு சிறியது, அதனாலேயே எண் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 2010இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர்களுக்கான ஒப்பீட்டு அளவுகளை வெளியிட்டது அதனால்தான்.

பாட்டிக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் டெக்ஸா எடுத்தோம். பத்து நிமிஷ வேலை, வலி இல்லை. முதுகெலும்பில் மைனஸ் 1.1, உடையாத பக்கத்து இடுப்பில் மைனஸ் 3.2. "முதுகு நல்லாத்தானே இருக்கு டாக்டர்?" என்று நான் புத்திசாலி மாதிரி கேட்டேன். அவர் சிரித்தார். வயதானவர்களுக்கு முதுகெலும்பில் தேய்மானத்தால் சுண்ணாம்பு முளைகள் வளரும், மெஷின் அதையும் எலும்பு என்று எண்ணிவிடும், ஆகவே அந்த நல்ல எண் பொய் எண் என்றார். 1937இல் பர்னார்டு பார்த்த வெள்ளை முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. காரணம் வேறு, ஏமாற்று ஒன்றுதான்.

பேக்கேஜ் வாங்கலாமா?

பாட்டி விழுந்த செய்தி தெரிந்த மாதிரி எங்கள் வீட்டுக்கு விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன :-) அறுபது எழுபது பரிசோதனை, பாதி விலை, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். எல்லாவற்றிலும் வைட்டமின் டி உண்டு. வெயில் கொளுத்தும் நாட்டில் இது குறையுமா என்று சந்தேகம் வரும். குறையும். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலேயே ஆரோக்கியமாகத் தெரிந்தவர்களிடம் பரவலாகக் குறைவு இருந்தது. ஆனால் அதனாலேயே எல்லோரும் சோதிக்க வேண்டும் என்றும் ஆகாது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி அளக்க வேண்டியதில்லை என்று 2024இல் வந்த சர்வதேச நாளமில்லாச் சுரப்பியியல் வழிகாட்டுதல் சொல்கிறது.

யாருக்கு அவசியம்? 65 தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் ஒரு டெக்ஸா என்பது பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. அதற்கு முன்னாலேயே மாதவிடாய் நின்றவர்களில், அப்பா அம்மாவுக்கு இடுப்பு உடைந்த வரலாறு உள்ளவர்கள், மிக ஒல்லியானவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள், சின்ன விழுகையில் எலும்பு முறிந்தவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும். எங்கள் அம்மா இந்தப் பட்டியலில் இப்போது வந்துவிட்டார். பாட்டியின் இடுப்பு உடைந்ததே அம்மாவுக்கான முதல் பரிசோதனை அறிக்கை. அடுத்த வாரம் அவருக்கு டெக்ஸா. கூடவே கால்சியம், பாஸ்பரஸ், ஏ.எல்.பி., வைட்டமின் டி. அறுபது பரிசோதனை இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த இந்த நாலுதான்.

எனக்குக் கணக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தது, தணிக்கை செய்வது திருத்துவதற்காக. தணிக்கை அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டினால் நஷ்டம் நிற்காது. 1937இல் மெட்ராஸ் செய்தது அருமையான தணிக்கை. அதற்கப்புறம் எழுபத்தாறு வருஷம் அலமாரி. அம்மாவின் அறிக்கை அப்படி ஆகக்கூடாது என்று குளியலறைக்கு நேற்றே கைப்பிடிக் கம்பி அடித்தாயிற்று. பாட்டி வாக்கர் பிடித்து கூடத்திலிருந்து வாசல் வரை வந்துவிட்டார். கம்பியைப் பார்த்துவிட்டு, "இதைப் போன மாசமே அடிச்சிருக்கலாமில்ல?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், இன்றைக்கே கேளுங்கள். தர்மபுரிப் பக்கத்து நண்பர்கள் ஊர்த் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த பதிவு தேர்வு முடிந்தபின். (பாஸானால்!)